அதிபரும் ஆசிரியர் மனமும்

ஒரு பாடசாலையின் சிறப்பைக் கட்டடத்தைக் கொண்டு அளப்போர் பலர். பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு அளப்போர் அவரினும் பலர். அதிபர் விடுமுறையில் நிற்கும் நாளில் அங்கே பாடங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று நோக்குவதே மெய்யான அளவுகோலாகும்.

1930களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் கேர்ட் லெவின், றொனால்ட் லிப்பிற், றால்ப் வைற் என்னும் உளநூலறிஞர் மூவர், பத்து வயதுச் சிறுவர்களை மூவகைத் தலைவர்களின் கீழ்க் கைவேலை செய்ய வைத்து ஆராய்ந்தனர். கட்டளையிடும் தலைவர் அறையில் நின்றவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியேறியதும் தளர்ந்தது. கலந்துபேசும் தலைவர் வெளியேறியபோதோ, வேலை ஏறக்குறைய முன்போலவே தொடர்ந்தது. எதிலும் தலையிடாத தலைவரின் கீழ் விளையாட்டே மிகுந்தது.

அவ்வாறாயின், ஆசிரியர் அனைவருக்கும் கலந்துபேசும் அதிபரே எந்நேரமும் ஏற்றவர் எனலாமா? அதுவும் பொருந்தாது. மனிதனுடைய தேவைகள் படிப்படியாக அமைந்தவை என்றார் ஆபிரகாம் மாஸ்லோ, 1943இல். உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை நிறைவாக வெளிப்படுத்தல் என்பன அப்படிகளாம். ஆசிரியர் எல்லோரும் ஒரே படியில் நிற்பவரல்லர்.

புதிதாக நியமனம் பெற்றுத் தொலைதூரக் கிராமத்திற்குச் செல்லும் இளம் ஆசிரியைக்குத் தங்குமிடமும் பஸ் நேரமுமே முதற் கவலைகள். அவரிடம் "உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்" என்பது சுதந்திரமாகத் தோன்றாது, கைவிட்டதாகவே தோன்றும். தெளிவான நேரசூசியும் வகுப்பிற்கு வந்து வழிகாட்டும் அதிபருமே அவருக்கு வேண்டும். இருபது ஆண்டு கணிதம் கற்பித்தவருக்கோ, பாடக்குறிப்பை நாள்தோறும் சோதிப்பது அவமதிப்பு. பொறுப்பொன்றை ஒப்படைப்பதே மதிப்பு. குடும்பத்தைப் பிரிந்து தனியே வாழ்பவருக்கு, நலம் கேட்கும் ஒரு சொல்லே பெருந்துணை.

எனினும், விருப்பம் வேறு, தேவை வேறு. தாமதித்து வருபவருக்குத் தலையிடாத அதிபரே இனிப்பார். அவ்விருப்பத்திற்கு இணங்குவது தலைமையாகாது. அவர் ஏன் தாமதிக்கிறார் என்று வினவி அறிந்து, கண்டிக்க வேண்டியவிடத்துக் கண்டிப்பதும் அதிபரின் கடனே.

தேவை உணரப்படாத ஆசிரியர் இடமாற்றத்திற்கு விண்ணப்பிக்கிறார். அல்லது உடலால் மட்டும் வகுப்பில் நிற்கிறார். இரண்டிலும் இழப்பு பிள்ளைகளுக்கே. ஆகவே, பாடசாலை தேடும் பெற்றோர் "அதிபர் கண்டிப்பானவரா?" என்று கேட்பதோடு அமையாது, "ஆசிரியர்கள் அங்கே விரும்பி நிலைத்திருக்கிறார்களா?" என்றும் கேட்பாராக.