தக்காளிச் செடிக்கும் பத்தியம் உண்டு!

"ஏனுங்க வைத்தியரே, தக்காளி சாப்பிடலாமுங்களா? எல்லாம் உப்பு உரத்துல வெளஞ்சதுன்னு சொல்றாங்களே!" பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து மருந்துக்கு வரும் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

அதே பக்கத்திலிருந்து மூட்டுவலிக்கு வரும் விவசாயி ஒருவரின் கதை வேறு. யாரோ பேசியதைக் கேட்டு, ஒரு போகம் எருவை மட்டுமே நம்பித் தக்காளி நட்டார். அதுவும் சரியாக மக்காத எரு. செடி வெளிறி நின்றது. பயந்துபோய் அடுத்த போகம் யூரியாவை அள்ளி வீசினார். செடி புதர் மாதிரி மண்டியது, காய் இல்லை. "ரெண்டு தடவையும் கடன்தானுங்க மிச்சம்" என்றார். மூட்டுவலியைவிட அந்த வலிதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

சித்த வைத்தியம் என்றால் வெறும் பச்சிலை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. இரும்பு, தாமிரம், கந்தகம் எல்லாவற்றையும் முறைப்படி சுத்தி செய்து பற்பமாகவும் செந்தூரமாகவும் கொடுக்கிறோம். ஆனால், அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வேரும் தழையும். அதில் தீராததற்குத்தான் தாது மருந்து. அதுவும் அரிசி எடை பார்த்து!

மண்ணுக்கும் இதே முறைதான். தொழு உரம் மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைக் காக்கும். ஆனால், 100 கிலோவில் தழைச்சத்து சுமார் அரை கிலோதான். அதுவும் மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். யூரியா உடனே பசியாற்றும், மண்ணை வளர்க்காது. ஆக, இரண்டும் வேண்டும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசும் அப்படித்தான். ரகத் தக்காளிக்கு ஏக்கர் கணக்கில் சொன்னால், அடியுரமாக 10 டன் தொழு உரம், அதோடு தழைச்சத்து 30 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ. நட்ட 30-ம் நாள் மண் அணைக்கும்போது இன்னொரு 30 கிலோ தழைச்சத்து. மண் பரிசோதனை செய்து இதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரேயடியாக ரசாயன உரத்தை நிறுத்தினால்? 2021-ல் இலங்கை அதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. விளைச்சல் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

அதற்காக அள்ளிக் கொட்டலாமா? கூடாது. செடி எடுத்தது போக மிஞ்சிய யூரியா, நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரில் புட்டிப்பால் கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் அதை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

சரி, தக்காளி சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடுங்கள் தாயே! எருவிலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும், தழைச்சத்தை வேர் உறிஞ்சுவது ஒரே வடிவத்தில்தான். பயப்பட வேண்டியது பறிப்பதற்கு முன் அடிக்கும் பூச்சிமருந்துக்கும், மக்காத எருவில் இருக்கும் கிருமிக்கும்தான். ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் நன்கு மக்கிய எருவையே போடுங்கள்.

இனி காய்கறிக்காரரிடம், "இயற்கையா, ரசாயனமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அளவு தெரிஞ்சு போட்டாங்களா?" என்றும் கேளுங்கள். மருந்துக்கும் உரத்துக்கும் அதுதான் சரியான கேள்வி.