அந்தக் காலத்து இரும்பாம், வெங்காயம்!

"இப்ப வர்ற வண்டியெல்லாம் தகரம் சார். இதைத் தட்டிப் பாருங்க. அந்தக் காலத்து இரும்பு!"

பழைய பத்மினி பார்க்கப் போன யாரும் இந்த டயலாக்கைக் கேட்காம திரும்பி வந்திருக்க முடியாது. நானும் கேட்டேன். கேட்டதோட நிறுத்தாம தலையாட்டிக் காசையும் கொடுத்தேன். வாங்கின மூணாவது வாரம், ஞாயித்துக்கிழமை, ஸ்டெப்னி மாத்திப் பார்ப்போமேன்னு ஜாக்கி போட்டேன். ஜாக்கி மேல போகுது, வண்டி இருந்த இடத்துலயே நிக்குது. என்னடா இதுன்னு குனிஞ்சு பார்த்தா, அந்தக் காலத்து இரும்பு பொரிச்ச அப்பளம் மாதிரி நொறுங்கி, ஜாக்கியோட தலை உள்ள போயிருக்கு. பக்கத்துல நின்ன எங்கப்பா ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

அதனால இந்த விஷயத்துல நான் கொஞ்சம் சூடாத்தான் பேசுவேன். பொறுத்துக்குங்க :-)

பழைய கார் வாங்கணும்னு யார் கேட்டாலும் நம்மாளுங்க சொல்ற முதல் அறிவுரை, "நல்ல மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ, என்ஜின் கண்டிஷன் பாரு." தப்பு. சுத்தமாத் தப்பு. பத்மினி என்ஜின் 1089 சிசி, நாலு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், சுமார் 40 குதிரை. கம்ப்யூட்டர், சென்சார் ஒரு மண்ணும் கிடையாது. போர் வேலை பார்க்கவும் ரிங் மாத்தவும் இன்னும் ஆள் இருக்காங்க. என்ஜின் கெட்டா செலவு, அவ்வளவுதான். பாடி கெட்டா வண்டியே இல்ல. கூட்டிட்டுப் போக வேண்டிய ஆள் மெக்கானிக் இல்ல சாமி, டிங்கர்!

ஏன்னு சொல்றேன். இத்தாலியில 1953-ல வந்த ஃபியட் 1100-தான் இந்த வண்டியோட தாத்தா. பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி 1964-ல 1100 டிலைட்னு போட்டதுதான் 1970களின் நடுவுல பத்மினி ஆச்சு. 2000-ஐ ஒட்டிக் கடையை மூடினாங்க. இதுக்குத் தனியா ஃபிரேம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழ ஓடுற பெட்டி மாதிரியான பகுதி, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. (ஆர்.சி.யில சேஸிஸ் நம்பர்னு இருக்கேன்னு கேட்காதீங்க, அது பேருதான்.) நம்ம மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேற ஜாதி, அதுக்குக் கீழ தனி ஃபிரேம் உண்டு, மேல பாடியைக் கழட்டி வெச்சு வேலை பார்க்கலாம். பத்மினியில தரை துருப்பிடிச்சா துருப்பிடிச்சது தரை மட்டும் இல்ல. உங்க சீட்டை போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறதே அந்தத் தகட்டுலதான். பிரேக் அடிக்கும்போது சீட்டும் நீங்களும் ஒண்ணா முன்னாடி போவீங்க.

இரும்பு கனமா இருந்தா துருப்பிடிக்காதுன்னு யார் சொன்னது? இன்னைக்கு வர்ற பல வண்டியில தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கு, பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி முழு பாடியையும் தொட்டியில முக்கி எடுக்கிறாங்க. முப்பது நாப்பது வருஷம் சென்னை உப்புக்காத்துல நின்ன பத்மினிக்கு என்ன பாதுகாப்பு இருந்திருக்கும்னு நெனைக்கிறீங்க? பழைய ஆயிலைக் கீழ தடவுற நம்ம தாத்தா வைத்தியம்தான்.

இதுல பெரிய ஏமாத்து வேலை பெயின்ட். "ஃபுல்லா ரீஸ்டோர் பண்ணின வண்டி சார்"னு கண்ணாடி மாதிரி மின்னுற வண்டியைக் காட்டினா நூறடி தள்ளி நில்லுங்க. அடியில என்ன இருக்குன்னு அடிச்சவனுக்கு மட்டும்தான் தெரியும். ஓட்டை மேல ஃபைபர் துணியை ஒட்டி, பட்டி அப்பி, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சா ஒரு மழைக்காலம் தாங்கும். வித்தவனுக்கு அது போதும். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்தை மெல்லிய துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க. வீல் வளைவு, கதவோட அடிப்பாகம், முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழ, டிக்கி ஓரம்னு வெச்சுக்கிட்டே வாங்க. ஒட்டாத இடமெல்லாம் பட்டி. வெளுத்துப்போன பழைய பெயின்ட்டோட, கீறலோட, அசிங்கமா நிக்கிற வண்டிதான் யோக்கியமான வண்டி. அதோட துரு கண்ணுக்குத் தெரியுது, பேரம் பேசலாம்.

தரை மேட்டைத் தூக்கச் சொல்லுங்க. "ஒட்டியிருக்கு சார், வராது"ன்னா வீட்டுக்குக் கிளம்புங்க. தூக்கினா, தகட்டைக் கட்டைவிரலால அழுத்துங்க. அப்புறம் வண்டிக்குக் கீழ படுங்க, வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போகாதீங்க. ஜாக்கி போடற இடம், பின்னாடி பட்டை ஸ்பிரிங் வந்து மாட்டுற இடம், இந்த ரெண்டும் உயிர். விக்கிறவர் முன்னாடியே ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லுங்க. நான் இந்த ஒண்ணை மட்டும் செஞ்சிருந்தா எனக்கு இவ்வளவு எழுதற வேலையே வந்திருக்காது. முன் சக்கரம் அந்தரத்துல இருக்கும்போதே மேலயும் கீழயும் கைவெச்சு ஆட்டிப் பாருங்க, லொடலொடன்னா கிங்பின் போயாச்சு.

என்ஜினுக்கு ரெண்டே வரி. போனதும் பானெட் மேல கை வைங்க, சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க, ஆறினப்புறம் வர்றேன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போங்க. நீலப் புகைன்னா ஆயில் எரியுது, ஆயில் மூடியில மோர் மாதிரி இருந்தா தண்ணி கலக்குது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், பெடலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, மெதுவா இறங்கினா எங்கயோ கசியுது. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கிறதால பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாத்தையும் வாங்கின அன்னைக்கே மாத்திடுங்க.

அடுத்த கூத்து காகிதம். "எல்லாம் கிளியர் சார், ரின்யூவல் மட்டும் பண்ணிக்கணும்." மட்டும்! தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம், அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கணும். அந்தக் கட்டணம் 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆச்சு. பசுமை வரி தனி. வண்டி ஆர்.டி.ஓ. முன்னாடி ஓடி வந்து நிக்கணும். ஆர்.சி. புக்ல இருக்கிற பெரியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும், வாரிசு பேருக்குப் படிவம் 31-ல மாத்தாம, வெத்து 29, 30 படிவத்துல ஒரு கையெழுத்தை வாங்கிக் கைமாத்தி கைமாத்தி உங்ககிட்ட வந்திருக்கும். அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கடவுளுக்கே தெரியாது. என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் பேப்பர் வெச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுத்து, புக்கோட எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. பெட்ரோல் வண்டியில யாரோ டீசல் என்ஜினை இறக்கியிருப்பான், புக்ல பெட்ரோல்னே இருக்கும். பழைய டி.எம்.எக்ஸ் நம்பர் வண்டின்னா ஆர்.டி.ஓ. கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க.

இந்த "விண்டேஜ்"ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. 2021 ஜூலையில வந்த விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், பெரிய மாறுதல் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அப்புறமும் அதைத் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. 1988 பத்மினி 2038-லதான் விண்டேஜ். ஆனா விலை மட்டும் இப்பவே விண்டேஜ்! பம்பாயில கடைசியா 2003 அக்டோபர் 29-ல பதிவான பத்மினி டாக்சியோட 20 வருஷக் கெடு 2023-ல முடிஞ்சுது, பேப்பர்ல எல்லாரும் கண்ணீர் விட்டாங்க. அந்தக் கண்ணீரையும் புரோக்கருங்க விலையில சேர்த்துட்டாங்க.

இன்னொண்ணு, ஓடறதுக்கான சாமான் கிடைச்சுடும். குரோம் பட்டை, கிரில், பின் லைட் கண்ணாடி, கண்ணாடி ரப்பர், இதெல்லாம் புதுப்பேட்டையில நாலு சனிக்கிழமை அலைஞ்சாலும் கிடைச்சாத்தான் உண்டு. இதெல்லாம் முழுசா இருக்கிற வண்டிக்கு என்ஜின் செத்திருந்தாலும் நான் கூடக் கொடுப்பேன்.

நம்ம வண்டி என்னாச்சுன்னா, தரையையும் ரெண்டு பக்கப் பெட்டியையும் மொத்தமா வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணினோம். டிங்கர் கேட்ட பணம் வண்டி விலையில பாதி. அஞ்சு மாசம் ஷெட்ல கிடந்துது. வந்த அன்னைக்கு அப்பா ஸ்டியரிங் கியரை ஒரு தடவை போட்டுப் பார்த்தார், செகண்ட்ல கொஞ்சம் பிடிக்குதுன்னார். அது இன்னும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.