வரி இலாபத்திற்கா? விற்பனைக்கா?

வரி செலுத்துவதை நாம் எதிர்க்கவில்லை. பாடசாலையும் மருத்துவமனையும் குளமும் வாய்க்காலும் வேண்டுமென்று கேட்போர் அவற்றிற்குரிய பணத்தைத் தர மறுப்பது நேர்மையாகாது. 1932 ஆம் ஆண்டு இந்நாட்டில் வருமான வரிச் சட்டம் பிறந்தது. சம்பாதித்தவன் சம்பாத்தியத்திற்கேற்பக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதனை அன்றும் ஏற்றோம், இன்றும் ஏற்கின்றோம். ஆனால், சம்பாதியாதவனிடமும் பறிப்பதற்குச் சட்டத்தின் பெயரைச் சூட்டும்போது வாய்மூடி இருத்தல் இயலுமா?

நடந்தவற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினர். ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா புரள்வுடையோர் பதிய வேண்டுமென்றிருந்த எல்லையை 2020 ஜனவரியில் 30 கோடிக்கு உயர்த்தினர். இச்சலுகையைக் கேட்டவர் யார்? உரும்பிராய்க் கமக்காரரா? கிளிநொச்சிச் சில்லறைக் கடைக்காரரா? 29 கோடி புரளும் நிறுவனம் எந்நாளில் சிறுவணிகமாயிற்று? 2022 ஏப்ரல் 12 இல் பிறநாட்டுக் கடனைத் தீர்க்கவியலாதென்று நாடு கைவிரித்தது. வரி வெட்டு மட்டுமே அதற்குக் காரணமன்று. எனினும் திறைசேரியை அது வறளச் செய்தது என்பதை எவர் மறுப்பார்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம் என வரி ஏறிற்று. பதிவெல்லை 8 கோடிக்கும், பின்னர் 6 கோடிக்கும் இறங்கிற்று. அதனை 3 கோடி 60 இலட்சமாக்க 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. ஆண்டுதோறும் வேலி நகரும் காணியில் எவன் நம்பிப் பயிரிடுவான்?

2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியோ இதனினும் கொடிது. அது இலாபத்தைப் பார்ப்பதில்லை, விற்பனையையே பார்க்கின்றது. சீமெந்தும் இரும்பும் விற்கும் ஒரு கடையில் ஆண்டுக்கு 8 கோடி ரூபா புரள்கிறதென வைப்போம். கூலியும் வாடகையும் போக நூற்றுக்கு 3 ரூபா மிஞ்சினால் ஆதாயம் 24 இலட்சம். வணிகருக்குப் புரள்வின் அரைப்பங்கின் மீது 2.5 வீதம் என்னும் விதிப்படி 10 இலட்சம் இவ்வரிக்கே போய்விடும். வருமான வரிக் கணக்கு அதன் பின்னரே தொடங்கும். நட்டப்பட்ட ஆண்டிலும் அந்த 10 இலட்சம் குறையாது!

விலையில் ஏற்றலாமே என்பர் அறிஞர். எல்லைக்குக் கீழே விற்கும் அயற்கடைக்கு இவ்வரி இல்லையே! ஏற்றிய விலைக்கு எவர் வாங்குவர்? ஆகவே ஒரு கடையை இரண்டு பெயரில் பதிவதும் சிட்டையின்றி விற்பதும் தலைகாட்டுகின்றன. இவற்றை நாம் நியாயப்படுத்தவில்லை. நேர்மையாகக் கணக்கெழுதுபவன் தோற்கும்படி விதி செய்துவிட்டு, மக்களிடம் நேர்மையில்லை என்று புலம்புவதில் பொருள் என்ன?

கமக்காரரின் நிலையும் இதுவே. பதிவுபெற்ற பெரிய நிறுவனம் கொள்வனவிற் கொடுத்த பெறுமதி சேர் வரியை விற்பனை வரியிற் கழித்துக்கொள்ளும். பதிவில்லாக் கமக்காரர் டயரிலும் குழாயிலும் உதிரிப்பாகத்திலும் கொடுத்த வரியை எங்கே கழிப்பார்? அவர் வெங்காயத்திற்கு விலை வைப்பது சந்தையன்றி அவரல்லர்.

இவற்றோடு மொழிக் கொடுமையும் சேர்கின்றது. 1956 இல் பறிக்கப்பட்ட உரிமைக்கு ஈடாக, 1987 இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதினர். ஆயினும் வரி அறிவித்தலைக் கையிலேந்தி, “இதில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?” என்று கேட்டு வரும் முதியவர்களை நாம் இன்றும் காண்கின்றோம். நவம்பர் 30 இற்குள் விபரத்திரட்டு அனுப்பத் தவறினால் அவருக்குத் தண்டம். மொழிச் சட்டத்தை மீறும் அலுவலகத்திற்கு யார் தண்டம் விதிப்பது?

நாம் கேட்பது தானமன்று. பதிவெல்லையை ஐந்தாண்டுகளுக்கேனும் மாற்றாது நிறுத்துங்கள். குறைந்த ஆதாயத்தில் விற்கும் வணிகரிடம் புரள்வு வரியை ஒழித்து, இலாபத்தின் மீது அறவிடுங்கள். கமக்காரர் உள்ளீட்டிற் கொடுத்த வரியை மீளப் பெற வழி செய்யுங்கள். தமிழருக்குத் தமிழில் எழுதுங்கள்.

நம் மக்களுக்கும் ஒரு சொல்: சிட்டை எழுதுங்கள், கணக்கை ஒழுங்காக வையுங்கள். கணக்குள்ளவன் கேட்கும் கேள்விக்கே ஆட்சியாளர் மறுமொழி சொல்லியாக வேண்டும்.