முடி உதிர்வு: மறைத்தால் தீராது, மருந்து தேடுவோம்



பனூ இஸ்ராயீல்களில் தொழுநோயாளி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் ஆகிய மூவர் சோதிக்கப்பட்ட வரலாறு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வானவரிடம் வழுக்கைத் தலையர் அழகிய முடியையே வேண்டினார், அது வழங்கப்பட்டது. முடியை விரும்பியதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. செல்வம் பெற்றபின் ஏழைக்கு ஈய மறுத்த நன்றிகேடே அவரை வீழ்த்தியது. ஆகவே, முடி உதிர்வுக்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. ஆண்களின் வழுக்கை பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சார்ந்தது. புழுவெட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் முடி வேர்களையே தாக்குவதால் உண்டாவது. கண்ணேறு என்று கருதி ஓதிப்பார்ப்பதோடு நின்றுவிடலாகாது.

நம் கவலை பெரிதும் பெண்களைப் பற்றியது. "முக்காட்டுக்குள் இருப்பதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று குடும்பத்தார் அலட்சியம் செய்கின்றனர். பிரசவத்திற்கோ கடும் காய்ச்சலுக்கோ 2, 3 மாதங்களுக்குப் பின் முடி கொத்தாக உதிர்ந்தால், அது பெரும்பாலும் தானே சீராகும். ஆனால் இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் முடி உதிர்வாக வெளிப்படுவதுண்டு. அவற்றை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். முடியைப் புறக்கணித்தால் நோயையும் புறக்கணித்தவர்களாவோம். ஹிஜாபே காரணம் என்பாரும் உளர். துணி முடியை உதிர்ப்பதில்லை. நாள்தோறும் இறுக்கி இழுத்துக் கட்டுவதே வேரைப் பலவீனப்படுத்தும்.

மினாக்ஸிடில் தடவுமருந்து பலருக்குப் பயனளிக்கிறது. எனினும் பல மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்தினால் பயன் நீடிக்காது. ஆண்களுக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளவே கூடாது. எதுவாயினும் தோல் மருத்துவரின் ஆலோசனை அவசியம். ஒரே வாரத்தில் முடி வளர்க்கும் என விற்கப்படும் எண்ணெய்களில் பொருளை வீணாக்க வேண்டாம்.

மார்க்கம் இட்ட எல்லையும் உண்டு. நோயால் முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்கு ஒட்டுமுடி வைக்க அனுமதி கேட்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஆனால் உதிர்ந்த இடத்தில் தம் சொந்த முடியையே நடுவது வேறு. 2007-இல் மலேசியாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, முடி உதிர்ந்தோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முடி நடுதலை அனுமதித்தது. முன்னது பிறரை ஏமாற்றும் ஒப்பனை; பின்னது இழந்ததை மீட்கும் சிகிச்சை.

பெண் பார்க்கச் செல்லும் நாம் முடியின் அடர்த்தியை அளப்பதை விடுவோம். நம் வீட்டுப் பெண்கள் முடி உதிர்வதாகச் சொன்னால், முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.