லயத்தைத் தேடப் போய் சங்கீதத்தில் விழுந்த கதை

போன கிழமை எங்கட ஆசிரியர் குழுக் கூட்டத்தில ஒரு முன்மொழிவு வந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் விமர்சனத்துக்கும் கீழே "சேர்த்து வாசிக்க" என்று நாலைந்து இணைப்புகள் போடுகிறோம் அல்லவா, அதை நிறுத்திவிடலாம் என்பதுதான் அது. காரணம் கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. அந்த நாலைந்து இணைப்பைத் தேடி எடுக்க ஒரு ஆளுக்கு ஒரு பின்னேரம் போய்விடுகிறது. ஆள் கிடைக்காமல் எழுதி முடிந்த கட்டுரைகள்கூடக் கிடப்பில் கிடக்கின்றன. இப்போது உலாவியில் போடுகிற நீட்சிகள் இருக்குது. நீங்கள் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில ஒரு பட்டியைத் திறந்து, இதோடு தொடர்புடைய பதிவுகள் இவை என்று அதுவே காட்டும். "வாசிக்கிற ஆக்களை அதில ஒன்றைப் போடச் சொல்லுவம். எங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்ட தோழர் எங்களில் அதிகம் உழைக்கிறவர். அவரோட எனக்குக் கோபமில்லை. முன்மொழிவோடதான்.

அன்றிரவே நானும் அப்படி ஒரு நீட்சியைப் போட்டுப் பார்த்தேன். 2023 இல் மலையகத்தார் வந்து 200 வருடமானதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள் அல்லவா, அந்த நடைபயணம் பற்றி இன்னொரு சிறு குழு எழுதிய பதிவைத் திறந்தேன். நல்ல பதிவு. கப்பலால் இறங்கிக் காட்டு வழியே நடந்து செத்தவர்களில் தொடங்கி, 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு வந்து, இன்றைக்கும் காணி உரிமை இல்லாத லயத்து வாழ்க்கையில் முடிகிறது. ஓரத்துப் பட்டி திறந்தது. முதலாவது, தினமும் நடைப்பயிற்சி செய்தால் உடலுக்கு வரும் நன்மைகள். இரண்டாவது, மாடித் தோட்டம் போடுவது எப்படி. பிறகு பச்சைத் தேயிலை குடித்து எடை குறைப்பது. கீழே போகப் போக, கர்நாடக இசையில் லயம் என்றால் என்ன என்று விளக்கும் ஒரு பதிவு.

சிரிப்பு வந்தது, உண்மை. பத்து நிமிசம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நீட்சி பிழை ஒன்றும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில் அது சரியாகத்தான் சொன்னது. தோட்டம் என்றால் கத்தரிக்காய், லயம் என்றால் தாளத்தோடு வருவது. ஒரு வீட்டுக்குள்ள சுவர் தடுத்து வரிசையாக அடைத்த அறைகளுக்கு லயம் என்று பெயர் வந்தது இந்தத் தீவின் மலைகளில். அந்தப் பொருளில் அந்தச் சொல்லை எழுதினவர்கள் கொஞ்சப் பேர். எண்ணிக்கையில தோற்றவர்கள்.

இந்த வகை நீட்சிகள் வேலை செய்கிற விதம் பெரிய மந்திரமில்லை. பக்கத்தில் உள்ள சொற்களை எடுத்து, எந்தச் சொல் இந்தப் பக்கத்துக்கு விசேஷமானது என்று கணித்து, அதே சொற்கள் சேர்ந்து வருகிற மற்றப் பக்கங்களைத் தேடுகின்றன. கொஞ்சம் நவீனமானவை சொற்களுக்கு இடையிலுள்ள நெருக்கத்தையும் கணிக்கும். அந்த நெருக்கத்தை எங்கே இருந்து கற்றன? இணையத்தில் குவிந்து கிடக்கிற தமிழிலிருந்து. அந்தக் குவியலில் சினிமா எவ்வளவு, சமையல் எவ்வளவு, ராசிபலன் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல் எங்கட மொழியின் குணம் வேற. தோட்டம், தோட்டத்தில, தோட்டத்துக்கு, தோட்டங்களிலிருந்து, தோட்டத்தாக்கள் எல்லாம் எங்களுக்கு ஒரே வேர்; ஒழுங்காகப் பிரிக்கத் தெரியாத இயந்திரத்துக்கு ஐந்து தனிச் சொற்கள். பேச்சுத் தமிழில் எழுதினால் இன்னும் மோசம். "எண்டு" என்று எழுதினவரை "என்று" என்று எழுதினவருக்குப் பக்கத்தில் அது வைக்காது.

சரி, இதெல்லாம் தொழில்நுட்பக் குறை, நாளைக்குத் திருத்துவார்கள் என்று வைப்போம். தமிழை நல்லாப் பிரிக்கிற, லயத்தை விளங்குகிற ஒரு நீட்சி அடுத்த வருசம் வரட்டும். எனக்கு அப்பவும் அது வேண்டாம். ஏனென்றால் அந்த மலையகப் பதிவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியவற்றில் பாதி, சொல்லால் அதோடு ஒட்டவே இல்லை. அறுபது எழுபதுகளில் எழுதினவர்களில் பலர் "மலையகத் தமிழர்" என்று எழுதவில்லை. "தோட்டத் தொழிலாளர்" என்று எழுதினார்கள், "நாடற்றவர்" என்று எழுதினார்கள். அரசாங்கம் "இந்தியத் தமிழர்" என்றது, வேறு சிலர் "இந்திய வம்சாவளியினர்" என்றார்கள். பெயர் மாறினதுக்குள்ளேயே ஒரு அரசியல் சண்டை இருக்குது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரமும், 2023 இல் நடந்துபோன ஒரு பிள்ளை தன் கால் கொப்புளம் பற்றி எழுதின பதிவும் ஒன்றோடொன்று தொடர்பானவை என்று யாராவது ஒரு ஆள் வாசித்துச் சொல்ல வேணும். இரண்டிலும் பொதுவாக நாலு சொல்கூட இராது. சி. வி. வேலுப்பிள்ளையை அங்கே கொண்டுவந்து வைக்கிறதும் அப்படித்தான், வாசித்த ஆள்தான் வைக்கலாம்.

அவை எங்கே கிடக்கின்றன என்பதையும் பாருங்கோ. நூலகம் தளத்தில் 2005 இலிருந்து தன்னார்வலர்கள் ஏற்றி வைத்த ஆயிரக்கணக்கான இதழ்களும் புத்தகங்களும், பெரும்பாலும் ஸ்கான் எடுத்த படங்களாக. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை ஓரத்துப் பட்டி வாசிக்காது. பாமினி எழுத்துருக் காலத்துப் பக்கங்கள் ஏதும் இன்னும் உயிரோட இருந்தால், மாற்றாமல் பார்க்கிற இயந்திரத்துக்கு அவை ஆங்கில எழுத்துக் குப்பை. அப்படியென்றால் நீட்சியை நம்பி வாசிக்கிற ஒரு இருபது வயதுக்காரருக்கு ஈழத்து எழுத்து எப்ப தொடங்குது? ஒருங்குறி வந்த பிறகு. அதுக்கு முந்தி ஒன்றும் நடக்கவில்லை.

கூட்டத்தில் இன்னொரு தோழர், இந்த மாதிரி நீட்சிகள் ஒன்றும் புதுசில்லை, முந்தியும் நல்லா வேலை செய்தவை என்று சொன்னார். அது உண்மை, ஆனால் எது வேலை செய்தது என்று பார்க்க வேணும். 2005 இல் கூகுள் பயர்பொக்சுக்கு ஒரு நீட்சி விட்டது. நீங்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்களோ, அந்தப் பக்கத்தைப் பற்றி யார் யார் தங்கட வலைப்பதிவில் எழுதியிருக்கிறார்கள் என்று அது காட்டும். அதில் சொல் ஒப்பீடு முக்கியமில்லை. யாரோ ஒரு ஆள் வாசித்து, யோசித்து, இணைப்புக் கொடுத்து எழுதியிருந்தார். நீட்சி அதைத் திருப்பிக் காட்டியது, அவ்வளவுதான். மனிதர் கட்டின பாலத்துக்கு அது ஒரு கைகாட்டி. தமிழ்மணம் மாதிரித் திரட்டிகளும் அப்படித்தான். போர்க்காலத்தில் வன்னியையும் கொழும்பையும் ரொறன்ரோவையும் ஒரே பக்கத்தில் வாசிக்க எங்களுக்கு இருந்த இடம் அது. பதிவுக்கு எதிர்ப்பதிவு, எதிர்ப்பதிவுக்கு விளக்கம் என்று சண்டை பிடித்தாலும், சண்டை பிடிக்கிற ஆளுக்கு இணைப்புக் கொடுத்துத்தான் சண்டை பிடித்தார்கள்.

இப்ப நாங்கள் என்ன செய்கிறோம்? ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போட்டுத் திட்டுகிறோம். எழுதின ஆளின் பெயரை வெட்டிவிட்டு "ஒரு நண்பர் எழுதியது" என்று பேஸ்புக்கில் ஒட்டுகிறோம். இணைப்புக் கொடுத்தால் மற்றவனுக்கு ஆள் போகும் என்ற சின்னப் புத்தி எங்களுக்கும் வந்துவிட்டது. தொடர்பை நாங்களே அறுத்துப் போட்டு, பிறகு அதைக் கண்டுபிடித்துத் தா என்று ஒரு மென்பொருளிடம் கேட்கிறோம்.

அந்த மென்பொருள்களின் ஆயுளையும் சொல்ல வேணும். ஸ்டம்பிள்அப்போன் என்று ஒன்று இருந்தது, பொத்தானை அழுத்தினால் உங்கட ரசனைக்கு ஒரு பக்கம் வரும். 2007 இல் ஈபே அதை 75 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2018 யூனில் மூடிவிட்டார்கள். கூகுள் ரீடர் 2013 இல் போனது. அலெக்சா என்ற கருவிப்பட்டை, தொண்ணூறுகளிலேயே தொடர்புடைய தளங்களைக் காட்டியது. 1999 இல் அமேசன் வாங்கி, 2022 இல் மூடியது. (அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான புரூஸ்டர் கேல்தான் இணைய ஆவணகத்தையும் தொடங்கினார். அலெக்சா சேகரித்த பக்கங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததால்தான் எங்கட பழைய பதிவுகள் சிலதையாவது இன்றைக்கும் பார்க்கலாம். தொடர்பு காட்டின பகுதி செத்துவிட்டது, சேர்த்து வைத்த பகுதி இருக்குது.)

அடுத்தது, இதைக் கூட்டத்தில் நான் சொன்னபோது கொஞ்சப் பேர் கண்ணை உருட்டினார்கள், திரும்பவும் சொல்கிறேன். இப்படியான ஒரு நீட்சியைப் போடும்போது உலாவி ஒரு அனுமதி கேட்கும்: நீங்கள் போகும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கட தரவுகளை வாசிக்கவும் மாற்றவும். நாங்கள் வாசிக்காமல் சரி என்று அழுத்துவோம். அது இல்லாமல் அதால வேலை செய்யேலாது, நீங்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே தொடர்புடையதைக் காட்டலாம். 2005 இல் வந்த கூகுளின் நீட்சிக்கும் அது தெரியத்தான் வேண்டியிருந்தது, அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தெரிந்ததை வைத்து என்ன செய்கிறார்கள்? தளங்கள் நம்பகமானவையா என்று சொல்வதற்கென்றே இருந்த வெப் ஒஃப் ட்ரஸ்ட் என்ற நீட்சி, பாவனையாளர்கள் போன இடங்களின் பட்டியலை விற்றதை 2016 இல் ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று வெளிக்கொண்டுவந்தது. வைரசுக்கு மருந்து விற்கிற அவாஸ்ட், தன் நீட்சிகளால் சேர்த்த உலாவல் விபரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்று, 2024 இல் அமெரிக்காவில் 16.5 மில்லியன் டொலர் கட்ட வேண்டி வந்தது. எங்களை என்ன நம்பிக்கையில் இதற்குள்ள வாசகரை அனுப்பச் சொல்கிறீர்கள்?

"நாங்கள் என்ன ஒளிக்கிறம்?" என்று கேட்ட தம்பிக்கு ஒரு பெயர் மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அஹ்னாப் ஜஸீம். ஒரு தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 இல் நீதிமன்றம் விடுவித்தது. புத்தகம் எழுதினவருக்கு இது. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றியும் நினைவேந்தல் பற்றியும் எங்கட பக்கத்தில் வாசிக்கிறவர்கள் யார், எந்த நேரத்தில், அடுத்து எங்கே போனார்கள் என்ற பட்டியல் யாரோ ஒருவரின் சேவரில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த நாட்டில் நாங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்குது, அதை நானே சொல்லிவிடுகிறேன். எங்கட "சேர்த்து வாசிக்க" பட்டியல் அவ்வளவு திறமில்லை. கடைசி இருபது கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். அநேகமான இணைப்புகள் எங்கட பழைய கட்டுரைகளுக்கே போகின்றன. மிச்சம் எங்கட சிநேகிதர்களுக்கு. மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் எழுதுகிற ஆக்களுக்கு எத்தனை? கை விரல் போதும். எங்களோடு ஒத்துப்போகாத ஒருவருக்கு ஒரு இணைப்புக்கூட இல்லை. இயந்திரம் பக்கச்சார்பு என்று கத்துகிற நாங்கள் செய்ததும் அதுதான். ஆனால் எங்கட பக்கச்சார்பில் ஆசிரியர் குழுவின் பெயர் இருக்கு. ஒரு வாசகர் எழுதிக் கேட்கலாம், ஏன் இதைப் போடவில்லை என்று. போன வருசம் ஒருவர் கேட்டார், நாங்கள் சேர்த்தோம். நீட்சியிடம் எங்கே போய்க் கேட்கிறது?

ஒரு பின்னேரம் போகுது என்ற முறைப்பாட்டுக்கு என் பதில்: போகட்டும், ஆனால் ஆசிரியர் குழுவின் பின்னேரம் வேண்டாம். எழுதுகிற ஆள் கட்டுரையோடு சேர்த்து மூன்று இணைப்புத் தரட்டும். ஒன்று தனக்கு உடன்பாடில்லாதது. ஒன்று 2009 க்கு முந்தியது, ஸ்கான் பிரதியாக இருந்தால் எந்தப் பக்கம் என்ற எண்ணோடு. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி. மூன்றுகூடத் தேடக் கிடைக்காத ஆள், தன் விசயத்தில் முந்தி யாரும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற ஆள். அவரைத் திருப்பி அனுப்பலாம். போடுகிற இணைப்பு ஒவ்வொன்றையும் இணைய ஆவணகத்தில் ஒரு பிரதி எடுத்து வைக்க அரை நிமிசம்தான்.

வரிவடிவில் இதைக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த மலையகப் பதிவுக்கு மூன்று இணைப்பையும் தேடி எடுத்தேன், ஒரு பின்னேரமும் கொஞ்சம் இரவும் போனது. அதை எழுதின குழுவுக்கும் அனுப்பினேன். அவர்களில் ஒருவர் திருப்பி எழுதியிருந்தார், இரண்டாவதை எழுதினவர் தங்கட ஊர் வாத்தியாராம், இப்பவும் இருக்கிறாராம், போய்க் கதைக்கப் போகிறார்களாம்.