கைதட்டினது காணும், ஒரு மாஸ்க் வாங்கிக் குடுங்க

கொஞ்ச நாளைக்கு ஒருக்கா பேஸ்புக்கில ஒரு வீடியோ சுத்தும். ஊர்ப் பெடியன் ஒருவன் பழைய ஓட்டோ எஞ்சினை வச்சு, ரெஜிபோமைச் செதுக்கி, மேல பைபர் போட்டு ஒரு குட்டிக் கார் செய்திருப்பான். 'இளம் விஞ்ஞானி' என்று நாங்கள் பகிர்வோம். யாராவது ஒரு அரசியல்வாதி வந்து பொன்னாடை போர்த்துவார். அடுத்த கிழமை எல்லாருக்கும் மறந்துபோகும். பெடியன் மட்டும் ரெசின் மணத்துக்குள்ள, அதே கொட்டிலுக்குள்ள இருப்பான்.

எனக்குப் பெடியனோட பிரச்சினை இல்லை. கைதட்டுற எங்களோடதான்.

அந்த வேலை என்னவென்று யாராவது அவனிட்டக் கேட்டோமா? கடையில சாதாரணமாகக் கிடைக்கிற பொலியெஸ்டர் ரெசினுக்குள்ள ஸ்டைரீன் இருக்கு. அது ரெஜிபோமைக் கரைக்கும். ஒரு கிழமையாகச் செதுக்கின முகப்பு, ரெசின் பட்டதும் மழையில நனைஞ்ச சீனி மாதிரிக் குழிவிழும். எபொக்சி கரைக்காது, ஆனா விலை கூட. இல்லையென்றால் போமுக்கு மேல பொலித்தீன் டேப் இடைவெளியில்லாமல் ஒட்டவேணும். அதுக்கு மேல பைபர் போட்டாலும் வெளிப்பக்கம் கரடுமுரடாத்தான் வரும், நாள்கணக்காகத் தேய்க்கவேணும். போமில மாதிரி செய்து, தேய்த்து, மெழுகு பூசி, அதிலிருந்து அச்சு எடுத்தவனுக்குத்தான் பளபளப்பான உடல் வரும். ஒன்றில்லை, பத்தும் வரும்.

இது வெளிநாட்டு வித்தை இல்லை. கல்லடியிலயும் வாழைச்சேனையிலயும் கரையில ஏத்தி வச்சிருக்கிற பைபர் தோணிகள் அச்சுக்குள்ளதான் பிறந்தவை. காரைநகரில 1967 இல் தொடங்கின சீனோர் பைபர் படகு கட்டினது. அரை நூற்றாண்டுக் கைத்தொழில் பக்கத்திலேயே இருக்க, பெடியன் யூடியூப் பார்த்துப் பிழைவிட்டுப் பழகிறான். தோணி கட்டுறவரை யாரும் விஞ்ஞானி என்று சொல்லாததும் ஒரு காரணமோ என்னவோ.

மூச்சு விசயம் இதைவிட மோசம். ஸ்டைரீனை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகைக்குள் 2018 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்தது. கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க் அந்த ஆவியைத் தடுக்காது. கரிவடி பொருத்தின மாஸ்க் வேணும். ஹார்ட்னர் கண்ணில தெறித்தால் பார்வையே போகலாம். ஹார்ட்னரையும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். எங்கட சித்திரை வெயிலில அளவு கொஞ்சம் கூடினாலே வாளிக்குள்ள ரெசின் கொதிச்சு இறுகும். எந்த வீடியோவில இதைச் சொல்றாங்க? பைபரைத் தேய்க்கிற தூசு தனிக்கதை. வாளால அறுத்த போம் மணிகள் காற்றில பறந்து வாவிக்குள்ள போறது இன்னொரு கதை.

பிறகு றோட்டு. 2020 மார்ச்சில நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. இடையில பழைய வண்டிக்கும் யானை விலை. அந்தக் காலத்தில வீட்டில வண்டி செய்து பார்த்தவனைப் பாராட்டினோம், சரி. பதிவில்லாமல் அதை எங்க ஓட்டுறது? கல்லடிப் பாலம் தாண்ட முதலே பொலிஸ் மறிப்பான். மறிக்கிறதும் நியாயம்தான்: பைபர் வெறும் தோல், மோதினால் காப்பாற்றுறது அடியில இருக்கிற சட்டகம். அதை ஒட்டின வெல்டிங்கை யார் சோதிச்சது? இங்கிலாந்தில வீட்டில செய்த ஒற்றை வண்டியையும் சோதித்து அனுமதிக்கத் தனி முறையே இருக்கு. பிரேக்கும் விளக்கும் இருக்கையும் பார்த்து, சரியென்றால் பதியலாம்.

பொன்னாடையோட வாறவரிட்ட இதைக் கேளுங்க. இந்த வண்டியைச் சோதிக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில வழி திறப்பீங்களா? தொழில்நுட்பக் கல்லூரியில தோணி கட்டுற மேசனைக் கூப்பிட்டு மூன்று மாதம் அச்சு வேலை படிப்பிக்க விடுவீங்களா? பதில் வரும்வரை படம் எடுக்க நிற்காதீங்க.