கரண்ட் அறைக்குள் ஒரு ஞாயிறு

மே மாத மத்தியானம். கொட்டிவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்து மருத்துவ இயற்பியல் கோடை வகுப்பில் உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரத்தின் படம் ஓடுகிறது. அதே வகை இயந்திரம் அவள் வீட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டருக்குள், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறது. முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் தொடங்கி, 1950-களிலேயே கோபால்ட் கருவியை நிறுவிய இடம் அது. மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. நடத்தும் அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியில். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் தரமணியில். எல்லாம் பஸ் தூரம்தான்.

இணையவழிக் கோடை வகுப்புகள் செய்திருக்கும் நன்மை பெரிது. ஐ.ஐ.டி.கள் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-ல் வந்த ஸ்வயம் ஆகிய பாடத் தளங்கள், 2020 ஊரடங்கில் இணையத்துக்கு மாறிய பயிற்சிகள் எல்லாம் சேர்ந்து, விடுதி வாடகை கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டன. அந்தக் கதவை யாரும் மூடக் கூடாது.

ஆனால், மருத்துவ இயற்பியல் தொழிலின் உயிர் திரைக்கு வெளியே இருக்கிறது. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறாங்க' என்று சொல்லும் சிகிச்சையில், முதல் நோயாளி படுப்பதற்கு முன் மருத்துவ இயற்பியலாளர் உள்ளே போய்விடுவார். சுவர் லேசர் கோடுகள் சரியாகச் சந்திக்கின்றனவா, கதவு திறந்தால் கதிர் நிற்கிறதா, அளவு மாறாமல் வருகிறதா என்று பார்ப்பார். கதிரை அளக்கும் 'அயனி அறை' என்ற சிறு கருவிக்குள் இருப்பது வெறும் காற்று. அறை வெப்பம் 20 டிகிரியிலிருந்து 25-க்கு ஏறினால் காற்று லேசாகும்; கருவி ஏறக்குறைய 1.7 சதவீதம் குறைத்துக் காட்டும். அதனால்தான் தெர்மாமீட்டரையும் பாரோமீட்டரையும் பார்த்துத் திருத்தம் போடுகிறார்கள். இந்தத் திருத்தம் திரையில் ஒரு வரி. சென்னை வெயிலில் ஏ.சி. மக்கர் பண்ணும் அறையில், ஒரு நோயாளிக்குப் போய்ச் சேரும் டோஸ் அது.

பனாமாவில் 2000-01-ல், சிகிச்சைத் திட்டக் கணினியில் கதிரைத் தடுக்கும் கட்டைகளின் விவரத்தைப் பதிவுசெய்த முறையால் கணக்கு பிசகி, 28 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு போனது. கணினி சொன்ன எண்ணைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். அந்தச் சந்தேகப்படும் பழக்கம், அனுபவசாலி பக்கத்தில் நின்றால்தான் வரும்.

இந்தியாவில் மருத்துவ இயற்பியல் முதுகலை முடித்தவர்கள் மருத்துவமனையில் ஓராண்டு நேரடிப் பயிற்சி பெற வேண்டும் என்பது அதனால்தான். அது பின்னால் வருவது. இப்படியொரு வேலை இருப்பதே தெரியாமல், அடுத்து என்ன படிப்பது என்று 19 வயதில் தவிக்கும் பிள்ளை அந்த அறையை எப்போது பார்ப்பது?

செய்யக்கூடியதுதான். பெரும்பாலான மையங்களில் ஞாயிற்றுக்கிழமை சிகிச்சை இருப்பதில்லை. கோடை வகுப்பில் சேர்ந்தவர்களைப் பத்துப் பத்துப் பேராக, கதிர் அளவு காட்டும் பேட்ஜ் மாட்டி, ஒரு ஞாயிறு வரச் சொல்லலாம். மதுரை, கோவை, தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகளும் தங்கள் வட்டாரத்துக்கு இதைச் செய்யலாம். அன்று வரும் இயற்பியலாளருக்குப் பல்கலைக்கழகம் மதிப்பூதியம் தரட்டும். நோயாளியின் உடலுக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அயனி அறையை இறக்கி, கதவைச் சாத்திவிட்டு வெளியே கன்சோலில் முதல் எண்ணை அந்தக் கொட்டிவாக்கம் பெண்ணே படித்து எழுதட்டும்.